வேர் மாறிய கொடி

உலகில் விலைமிகுந்த நிலம் எதுவெனக் கேட்டால், பெருநகரங்களின் நடுவே வானுயர்ந்த மாளிகைகள் நிற்கும் மனைகளையே நாம் நினைப்போம். பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், வோன் ரொமானே என்னும் சிற்றூரை ஒட்டிய சரிவில், ஏறத்தாழ நாலரை ஏக்கர் பரப்பே கொண்ட ஒரு திராட்சைத் தோட்டம் உள்ளது. ரொமானே கோந்தி என்பது அதன் பெயர். ஆண்டொன்றுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் புட்டிகள் அளவே அங்கிருந்து திராட்சை மது கிடைக்கிறது. 1945ஆம் ஆண்டு அங்கு விளைந்த மதுவின் ஒரே ஒரு புட்டி, 2018இல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் 5,58,000 டாலருக்கு விலைபோயிற்று.

மதுவை நாவில் வைத்தறியாத நாங்கள், மதுத் தோட்டம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். சங்க மலரைப் புரட்டும் பெரியோர் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். ஆயின் நாங்கள் சொல்ல வந்தது மதுவின் சுவை அன்று. ஒரு கொடியின் வரலாறு. ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நம்போன்றோர்க்கு அவ்வரலாற்றில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

இடைக்காலத்தில் அந்நிலம் செயின்ட் விவான் மடத்துத் துறவியர் வசம் இருந்தது. பின்னர்ப் பலர் கைக்கு மாறி, 1760இல் கோந்தி இளவரசர் அதனை விலைக்கு வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சி வந்தது. இளவரசர் குடும்பத்தின் உடைமை பறிமுதலாகி, 1794இல் ஏலத்தில் விற்கப்பட்டது. இளவரசரின் நிலம் போயிற்று. எனினும் அவர் பெயர் மட்டும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு இன்றளவும் நிற்கிறது. 1869இல் துவோ புலோஷே என்பவர் அதனை வாங்கினார். அவர் வழிவந்த தெ வில்லேன் குடும்பத்தாரும், 1942இல் பங்கு வாங்கிச் சேர்ந்த லெருவா குடும்பத்தாரும் இன்று அதன் உரிமையாளர்கள்.

உடையவர் மாறினரே ஒழியக் கொடி மாறவில்லை. முதிர்ந்த கொடியின் கிளையொன்றை வளைத்து மண்ணுள் புதைப்பார்கள். அது வேர்விட்டதும் புதுக்கொடியாகும். நம் வீட்டுக் கொல்லையில் மல்லிகைக்குப் பதியன் போடுவோமே, அதே முறைதான். இவ்வாறு தாய்க்கொடியின் உடலே பிள்ளைக்கொடியாகி, பல தலைமுறைகளாக அந்த மண்ணில் தொடர்ந்து வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்குப் பேரிடர் வந்தது. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட செடிகளோடு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத பூச்சி ஒன்றும் பிரான்சில் வந்திறங்கியது. அசுவினியைப் போன்ற அப்பூச்சிக்கு ஃபிலாக்சரா என்று பெயர். மண்ணுக்குள் இருந்துகொண்டு அது கொடியின் வேரைத் தின்னும். நேற்றுவரை செழித்திருந்த தோட்டம் காரணம் தெரியாமலே வாடும். மோன்பெலியே நகரத்துத் தாவரவியல் அறிஞர் பிளான்ஷோனும் அவருடைய தோழர்களும் 1868இல் அந்தப் பூச்சியைக் கண்டறிந்தனர். 1878இல் அது பர்கண்டியின் புகழ்பெற்ற சரிவையும் எட்டிவிட்டது.

மருந்து என்ன என்பதில் நாடே இரு கட்சியாய்ப் பிரிந்தது. கார்பன் டைசல்பைடு என்னும் நச்சு மருந்தை மண்ணுள் செலுத்திப் பழைய கொடியையே காப்போம் என்றது ஒரு கட்சி. அமெரிக்கக் கொடியின் வேர் இப்பூச்சியைத் தாங்க வல்லது. அந்த வேரின்மேல் நம் கொடியை ஒட்டுவோம் என்றது மறு கட்சி. நோயைக் கொண்டுவந்த அந்நியச் செடியே நோய்க்கு மருந்தாவதா, அதன் வேரிலிருந்து நம் மண்ணின் சுவை வருமா என்று பலர் கொதித்தனர். ஆயினும் காலப்போக்கில் ஒட்டுமுறையே வென்றது.

ரொமானே கோந்தி உரிமையாளர்கள் மட்டும் விடாப்பிடியாக நின்றனர். அண்டைத் தோட்டங்கள் எல்லாம் ஒட்டுக்கன்றுக்கு மாறிய பின்னும், ஆண்டுதோறும் பொருளும் உழைப்பும் செலவிட்டு, மண்ணுக்கு மருந்து செலுத்தித் தங்கள் பழங்கொடியைக் காத்துவந்தனர். இரண்டாம் உலகப்போர் அவர்களை வென்றது. மருந்து கிடைக்கவில்லை, வேலைக்கு ஆள் இல்லை. தளர்ந்த கொடிகள் 1945இல் ஏறத்தாழ 600 புட்டி மதுவையே தந்தன. அந்த அறுவடைக்குப் பின் அவற்றை வேரோடு பிடுங்கினர். அந்த ஆண்டுப் புட்டிக்கு ஏன் அத்துணை விலை என்பது இப்போது விளங்கும்.

1947இல், அதே பண்ணைக்குரிய லா தாஷ் என்னும் அருகிலுள்ள தோட்டத்துக் கொடிகளிலிருந்து துண்டுகள் எடுத்து, அமெரிக்க வேரில் ஒட்டி நட்டனர். 1946 முதல் 1951 வரை ஆறு விளைச்சல்களுக்கு ரொமானே கோந்தி என்ற பெயரில் ஒரு புட்டியும் வெளிவரவில்லை. அண்டை நிலத்துப் பழத்தை அப்பெயரில் விற்க அவர்கள் நினைக்கவில்லை. 1952இல்தான் புதுக்கொடிகள் முதல் மதுவைத் தந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகள் பணியின் பொருட்டு டிஜோன் நகரில் தங்கியிருந்தபோது, அந்தத் தோட்டத்தைக் காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. அறுவடை முடிந்து இலைகள் பொன்னிறம் பூண்டிருந்த நேரம். மாளிகை இல்லை, வாயில் தோரணம் இல்லை. இடுப்பளவும் இல்லாத கற்சுவர்; சுவரோரம் ஒரு கற்சிலுவை; காண வருவோர் சாலையிலேயே நிற்கவேண்டும், தோட்டத்துள் நுழையலாகாது எனப் பணிவாக வேண்டும் ஒரு பலகை. வந்திருந்தவர்கள் கோயிற் பிராகாரத்தில் நிற்பவரைப் போலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டனர். அப்பகுதியில் தனிப்பெயர் பூண்ட இத்தகைய நிலத்துண்டுகள் 1,247 உண்டு. 2015இல் யுனெஸ்கோ நிறுவனம் அவற்றை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. நம் ஊர்களிலும் வயலுக்கு வயல் பெயர் உண்டு என்பதை நினைத்துக்கொண்டோம்.

சாலைக்கு அப்பால் வேறொரு நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், எங்கள் உடையைக் கண்டு எந்த நாட்டவர் என வினவினார். பின்பு ஒரு கொடியின் அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டினார். மண்ணுக்குச் சற்று மேலே, கணுக்கால் வீங்கினாற்போல ஒரு முடிச்சு. அவர் பிரெஞ்சில் சொன்னதை மகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் திகைத்து நின்றாள்.

“ரெண்டு செடியை வெட்டி ஒண்ணாச் சேர்த்துக் கட்டறதுக்குத் தமிழ்ல என்னம்மா?”

“ஒட்டு” என்றோம், இருவரும் ஒரே குரலில்.

“அந்த ஒட்டுதான் இது. முடிச்சுக்குக் கீழே அமெரிக்கா, மேலே பர்கண்டி என்கிறார், அப்பா.”

தில்லியில் பிறந்து, தில்லித் தெருக்களில் இந்தி பேசி வளர்ந்தவள் அவள். காவிரிக்கரையில் இருந்த எங்கள் பூர்விக வீடு பாகப்பிரிவினையில் கைமாறிய நாள்முதல், இனி நமக்கு ஊர் ஏது, வேர் ஏது என்ற ஏக்கம் எங்களை வாட்டிவந்தது. உறவினர் திருமணங்களில் எங்களைத் ‘தில்லிக்காரர்’ என்று அழைக்கும்போதெல்லாம் அந்த ஏக்கம் வளர்ந்தது. வேரற்றவர்களுக்கு மரபு எங்ஙனம் நிலைக்கும் என்று நாங்கள் இரவுகளில் பேசிக்கொண்டதுண்டு. அந்த முடிச்சைக் கண்ட பின் எங்கள் கேள்வியே மாறிவிட்டது.

உவமையை அளவுக்கு மீறி இழுப்பது முறையன்று. ரொமானே கோந்தியில் மாறியது வேர் மட்டுமே. சுண்ணாம்பும் களியும் கலந்த அந்த மண்ணும், காலை வெயில் படும் அந்தச் சரிவும் மாறவில்லை. நமக்கோ மண்ணும் மாறிவிட்டது. பழைய வேர்க்கொடியின் சுவையே சுவை என்று வாதிடும் சுவைஞர் இன்றும் அங்கு உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லையென்று யார் சொல்ல வல்லார்? ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நாவில் தவழும் தமிழும், இங்குப் பிறந்த பிள்ளையின் தமிழும் ஒன்றெனச் சொன்னால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

ஆயினும் ஒன்று உறுதி. ஒட்டுவதற்கு எடுக்கும் துண்டு உயிருள்ளதாக இருத்தல் வேண்டும். காய்ந்த குச்சியை எத்தகைய வேரில் கட்டினாலும் தளிர்க்காது. 1947இல் அவர்கள் கையில் உயிருள்ள கொடி இருந்தது. அதனால் ஆறு விளைச்சல் இழந்தும் மீண்டனர். வேர் போய்விட்டதே என்று வருந்துவதிலேயே நாம் காலம் கழித்தால், கையிலுள்ள கிளையும் அதற்குள் உலர்ந்துவிடும். வீட்டில் தமிழ் பேச மறந்த ஒரு தலைமுறை கழிந்தபின், அடுத்த தலைமுறைக்கு ஒட்ட எதுவும் இராது.

அத்தோட்டத்தின் பெருமை ஒருநாள் நட்டதில் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொடி கொடியாகக் குனிந்து கவாத்துச் செய்கிறார்கள். மண் இறுகாதிருக்கக் குதிரை பூட்டி உழுகிறார்கள். பழத்தைக் கையால் பறித்துத் தேர்கிறார்கள். ஓராண்டு செய்தோம், இனி ஓய்வு என்பது அங்கில்லை. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பும், உணவு வேளையில் பிள்ளைகளிடம் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விடை பெறுவதும் அத்தகைய பணியே. அவர்கள் ஒரு சொல்லுக்குத் தடுமாறி நம்மை நோக்கும்போது, அதை எடுத்துக் கொடுக்க நாம் அருகில் இருக்கவேண்டும்.