வாடையும் வாசனையும்

கண்ணுக்கு இமை உண்டு; வாய்க்கு இதழ் உண்டு; காதைக்கூட விரலால் அடைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிடலாம். மூக்குக்கு மாத்திரம் கதவு இல்லை. மூச்சு உள்ளவரையில் முகர்ந்தே தீரவேண்டும். இவ்வுண்மையை எமக்கு நன்கு உணர்த்தியவர் எமது கந்தோரிலே பணிபுரியும் ஓர் இளைஞர்.

பருத்தித்துறையிலே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எமது கந்தோர். அவ்விளைஞர் ஆவணி மாதத்திலே வந்து சேர்ந்தார். அடக்கமானவர், கணக்கில் ஒரு சதம் பிழை விடாதவர். ஆனால், அவர் படியேறுமுன்னரே அவர் பூசிய சென்ட் படியேறி வந்துவிடும். அவர் தொட்ட கோவை மறுநாளும் மணக்கும். சோளகம் வீசிய நாட்களில் யன்னல்கள் திறந்திருந்தன, நாமும் பிழைத்திருந்தோம். கார்த்திகை பிறந்து வாடைக் காற்றும் மழையும் தொடங்கவே, யன்னல்களைச் சாத்தவேண்டியதாயிற்று. “வெளியே ஒரு வாடை, உள்ளே ஒரு வாடை” என்று நாம் வேடிக்கை பேசினோம். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரியாதவர் ஒருவர் இருந்தார். இளைஞரின் அடுத்த மேசையிலே இருக்கும் அம்மையாருக்குச் சிறு வயதுமுதல் தொய்வு வருத்தம். கடும் வாசனைகள் அத்தகையோரின் மூச்சுக் குழாய்களைச் சுருங்கச் செய்யக்கூடும் என்பது வைத்தியர்கள் கூறும் உண்மை. நாளுக்கு இருமுறை அவர் கைப்பையோடு விறாந்தைக்குப் போய், மருந்தை உறிஞ்சிவிட்டு வருவார். “தம்பியிடம் சொன்னால் என்ன?” என்று கேட்டோம். “எப்படிச் சொல்லுவது அண்ணை? புதிதாக வந்த பிள்ளை, மனம் நொந்துபோகும்” என்றார்.

இத்தகைய சங்கடம் எமது கந்தோருக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரசபையிலே பணிபுரிந்த ஒரு பெண்மணி, சக ஊழியர் ஒருவரின் வாசனைப் பொருளால் மூச்சு விடுதற்கே சிரமமாயிருக்கிறது என்று வழக்குத் தொடர்ந்தார். 2010இல் நகரசபை 1,00,000 டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது; வாசனை பூசி வருவதைத் தவிர்க்குமாறு ஊழியர்களையும் கேட்டுக்கொண்டது. கனடாவிலும் வைத்தியசாலைகள், அலுவலகங்கள் பலவற்றின் வாயிலில் இத்தகைய அறிவித்தலைக் காணலாம்.

வாசனை எமக்குப் பகையன்று. கலியாணப் பந்தலிலே பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்து வரவேற்பவர்கள் அல்லவா நாம்? ஜேர்மனியின் கொலோன் நகரிலே 1709ஆம் ஆண்டு தொடங்கிய ஃபரீனா குடும்பத்தாரின் வாசனைக் கடையில் பிறந்த ஓடிக்கொலோன், காய்ச்சல்காரரின் நெற்றியைக் குளிர்விக்க எமது வீடுகளுக்கும் வந்து சேர்ந்ததே! அளவுதான் கேள்வி. அளவை அறிவதோ, பூசுபவருக்கே கடினம். மனித மூக்கிலே ஏறத்தாழ 400 வகையான மண உணரிகள் உள்ளன. அவற்றின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் ஆகிய இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். அத்தனை உணரிகள் இருந்தும் என்ன? ஒரே மணம் சில நிமிடங்கள் தொடர்ந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. ஊரெல்லாம் அறிந்த தன் மணத்தை உடையவர் மாத்திரம் அறியார். அவரோ மேலும் ஒருமுறை தெளித்துக்கொள்வார்.

ஒருநாள் மாலை மழை விட்டிருந்தது. 1916இல் எழுந்த வெளிச்சவீட்டுப் பக்கமாக இளைஞரையும் அழைத்துக்கொண்டு நடந்தோம். “தம்பி, ஒன்று சொன்னால் கோபிக்கமாட்டீரே?” என்று தொடங்கினோம். அவர் சட்டென நின்றார். “என்னில் மீன் மணக்கிறதா ஐயா?” என்று கேட்டார்.

நாம் திகைத்துப் போனோம். அவர் மெல்லச் சொன்னார். அவருடைய தாயார் கடற்கரையிலே கருவாடு காயவைத்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். கருவாடு காய்ந்த முற்றத்திலேதான் பள்ளிக்கூடச் சட்டையும் காய்ந்தது. ஐந்தாம் வகுப்பிலே பக்கத்திலிருந்த மாணவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு வாங்குக்கு மாறிப் போனான், வகுப்பே சிரித்தது. முதற் சம்பளத்தில் அவர் வாங்கிய முதற் பொருள் சென்ட்.

சொல்ல வந்த சொல் எமது தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆயினும், அந்த அம்மையாரின் மூச்சு அதனினும் பெரிதல்லவா? “மீன் மணமும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்து மேசை அக்காவுக்குத் தொய்வு. சென்ட் அவவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்” என்றோம்.

அவர் முகம் வாடியது. “மூன்று மாதமாக அவ விறாந்தைக்குப் போனது என்னாலேயா? ஐயா, எல்லோரும் அறிந்திருந்தும் எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?” என்றார்.

அக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. சொன்னால் நோகும் என்று அம்மையார் மௌனமாயிருந்தது அன்பு. நாம் பின்னால் நின்று சிரித்தது அன்பாகாது. அந்தப் பழைய வகுப்பறையின் சிரிப்பையே நாமும் சிரித்திருந்தோம். ஒருவர், தனிமையில், காரணத்தோடு, முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் காரியம் இது.

மறுநாள் அவர் வெறும் சவர்க்கார மணத்தோடு வந்தார். அன்று முழுவதும் குனிந்த தலை நிமிரவில்லை. எவராவது மூக்கைத் தொட்டால் மாத்திரம் திடுக்கிட்டு நோக்கினார். மத்தியானம் அம்மையார் தமது கதிரையை அவருடைய மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். காகிதச் சுற்றிலிருந்து நாலு தட்டை வடையை எடுத்து வைத்து, “சாப்பிடும் தம்பி” என்றார்.

பின்னர் எழுந்து சென்று, கடற்பக்கத்து யன்னலை அவரே திறந்துவிட்டார். உப்பும் மீனும் கலந்த வாடைக் காற்று உள்ளே வீசியது. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.