யாரைக் கீழே இறக்குவது?

எங்கள் படிப்பகத்துக்குக் கடைசியில் ஒரு இடம் கிடைத்தது. வடசென்னையில் ஒரு பழைய வணிகக் கட்டடம். அதில் தரைக்குக் கீழே இருக்கும் கோடவுன். மேல்மாடி அறைகளைக் கேட்டபோது "தம்பி எந்த ஊரு, யாரு பசங்க" என்று சுற்றிச் சுற்றி வந்தவர்கள், கீழே இருப்பதைக் கேட்டபோது அட்வான்ஸ் எவ்வளவு தருவீர்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கீழே யார் இருந்தாலும் பரவாயில்லை போலும். எங்களுக்கும் வாடகை கட்டுப்படியானது. சாவியை வாங்கிக்கொண்டோம்.

(மேஸ்திரிகளிடம் 'பேஸ்மென்ட்' என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குப் பேஸ்மட்டம் என்றால் தரைக்கு மேலே எழுப்பும் அடித்தளம். 'அண்டர்கிரவுண்ட்' என்றால்தான் புரிகிறது. இதற்கே எங்களுக்கு ஒரு நாள் போனது.)

ஏறக்குறைய 600 சதுர அடி. ஒரே படிக்கட்டு. தெருமட்டத்தில் கம்பி போட்ட இரண்டு சின்னக் காற்றுத் துளைகள். தரை வெறும் கான்கிரீட். முன்பு மோட்டார் உதிரிபாகம் அடுக்கியிருந்ததால் அங்கங்கே ஆயில் கறை. ஒரு மூலையில் பழைய சாம்பல் நிற பெயிண்ட் உரிந்து கிடந்தது. பெருக்கப் பெருக்கச் சிமெண்ட் பொடி வந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் புத்தகங்களை வைத்துப் பார்த்தோம், அட்டையெல்லாம் நறநறவென்று ஆனது. சாயங்காலம் படிக்க வரும் பிள்ளைகள் தரையில்தான் உட்காருவார்கள். டைல்ஸ் போடப் பணமில்லை. எபாக்சி பூசலாம் என்று முடிவானது.

எங்களில் ஒரு அண்ணன் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்கு எபாக்சி தளம் போடும் கேங்கில் ஆறு வருடம் வேலை செய்தவர். அவரைக் கேட்டோம். "சொல்லித் தரேன், ஆனா உள்ள வர மாட்டேன்" என்றார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

தளம் பூசுவதற்கு முன் தரையைச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பான கான்கிரீட்டில் எபாக்சி ஒட்டாது. நம் ஊரில் எல்லோரும் சொல்லும் வழி ஆசிட் வாஷ். விசாரித்ததில் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பையன்கள் வந்து பார்த்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. ரப்பர் செருப்பு. ஆளுக்கு 800 ரூபாய், ஆசிட் செலவு தனி. மாஸ்க், பூட்ஸ் என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். "அதெல்லாம் வேணாண்ணே, கர்சீப் கட்டிப்போம். பழக்கம்தான்."

அவர்கள் போன பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர், நல்ல தோழர், கூட்டங்களில் எங்களைவிட நன்றாகப் பேசுபவர், கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரை உள்ள இறக்கிவிட்டா அரை நாள்ல முடிஞ்சிடும்."

யாரும் பேசவில்லை. சொன்னவருக்கே முகம் மாறிவிட்டது.

அந்த வார்த்தை எங்கள் வார்த்தை இல்லை. செப்டிக் டேங்க் மரணம் ஒவ்வொன்றிலும் உண்மை அறியப் போகும்போது காண்ட்ராக்டர் வாயிலும் வீட்டுக்காரர் வாயிலும் நாங்கள் கேட்கும் வார்த்தை அது. இதே படிப்பகத்தின் பெயரில்தான் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தைத் திரையிட்டோம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி வகுப்பு எடுத்தோம். 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது என்றெல்லாம் துண்டறிக்கை அடித்தோம். ஆனால் நமக்கு ஒரு குழி கிடைத்தபோது, நமக்கும் முதலில் தோன்றியது யாரை இறக்கலாம் என்பதுதான். மலம் இல்லை, ஆசிட் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஒருவர், "அது அவங்களுக்கு வேலைதானே, வேண்டாம்னா சோறு யாரு போடுவா" என்றார். நியாயமான கேள்விதான். அந்தப் பையன்களின் கூலியை நாம் மறுக்கிறோம் என்பது உண்மை. இரவு பத்து மணி வரை பேசினோம். கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது: எங்களில் ஒருவர் இறங்கத் தயங்கும் நிலைமையில் வேறு யாரையும் இறக்க மாட்டோம். பாதுகாப்பு எல்லாம் செய்த பிறகு ஆள் தேவைப்பட்டால் அவர்களையே முழுக் கூலிக்குக் கூப்பிடுவோம்.

மறுநாள் அண்ணனிடம் போய்ச் சொன்னோம். அவர் முழுக்கைச் சட்டையை மடித்துக் காட்டினார். இரண்டு மணிக்கட்டிலும் தோல் தடித்து, வெடித்து, கறுத்திருந்தது.

எபாக்சி இரண்டு பொருள்கள் சேர்ந்தது. ஒன்று ரெசின், இன்னொன்று ஹார்டனர். காய்ந்து இறுகிய பிறகு பெரிய தொந்தரவு இல்லை. இறுகாமல் பசையாக இருக்கும்போது தோலில் பட்டுக்கொண்டே இருந்தால், ஒரு நாள் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். முதல் மாதமே வரலாம், ஐந்து வருடம் கழித்தும் வரலாம். வந்துவிட்டால் போகாது. அதன் பிறகு ஒரு துளி பட்டாலும் அரிப்பு, வீக்கம், கொப்புளம். சிலருக்கு, பக்கத்தில் யாராவது கலக்கினாலே கண் இமை வீங்கிவிடும். அண்ணனுக்கு அப்படித்தான். அந்தத் தொழிலே அவருக்கு முடிந்துபோனது.

எப்படி வந்தது என்றும் சொன்னார். தினமும் வேலை முடிந்ததும் ஒரு டப்பாவில் தின்னர் ஊற்றிக் கொடுப்பார்களாம், கை கழுவ. தின்னர் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். ரெசின் இன்னும் நன்றாக உள்ளே இறங்கும். சோப்பும் தண்ணீரும் போதும் என்று ஆறு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. கையுறை? "ஆடிட்டுக்கு ஆளுங்க வர அன்னைக்குக் குடுப்பாங்க. அவங்க போனதும் வாங்கி வச்சிப்பாங்க."

சட்டம் படிக்கும் தோழர்களுக்கு ஒன்று: 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில், ரசாயனமும் பெயிண்டும் நேராகத் தோலில் பட்டு வரும் தோல் அழற்சி இருந்தது. சிலிகோசிஸும் இருந்தது. அண்ணனைப் பார்த்த மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

இனி, நாங்கள் செய்தது. இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஈரம். நிலத்துக்குக் கீழே இருக்கும் தரை அடியிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதன்மேல் பூசினால் ஒரே மழையில் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொள்ளும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுத்துப் பார்த்தபோது எங்களுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். வெளியே மழைநீர்க் குழாய் உடைந்து சுவரோரம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து மூன்று வாரம் காத்திருந்து மறுபடி ஒட்டிப் பார்த்தோம். காய்ந்திருந்தது. நல்ல வேளையாக வெயில் காலம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைச் சென்னையில் தொடவே வேண்டாம்.

ஆசிட்டைக் கைவிட்டோம். மூடிய இடத்தில் ஆசிட் புகை தொண்டையையும் நுரையீரலையும் பிடிக்கும். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்ட தரை என்றால் குளோரின் வாயு வரும், அது ஆளையே கொல்லும். பழைய பெயிண்டை எடுக்க ஒரு கடைக்காரர் பெயிண்ட் ரிமூவர் டின் கொடுத்தார். திருப்பிப் பார்த்தால் மெத்திலீன் குளோரைடு. அமெரிக்காவில் குளியல் தொட்டிகளுக்கு மறுபூச்சு செய்யப்போன தொழிலாளர்கள் இதை மூடிய அறையில் பயன்படுத்தி இறந்திருக்கிறார்கள். 2019இல் அங்கே சாதாரண வாடிக்கையாளர்களுக்கு இந்த வகை ரிமூவர் விற்பதையே நிறுத்தினார்கள். டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஆயில் கறையைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, கிரைண்டிங் மெஷின் வாடகைக்கு எடுத்தோம். டைமண்ட் சக்கரத்தைச் சுற்றி மூடியும், தூசியை உறிஞ்சும் வேக்குவமும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். இல்லாமலும் தருவார்கள், வாடகை குறைவு. அந்த மெல்லிய வெள்ளைத் தூசியில் இருப்பது சிலிகா. நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது, தழும்பாகி மூச்சை அடைக்கும். கல்குவாரியில் வேலை செய்தவர்கள் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. முடிந்த பிறகு துடைப்பத்தால் பெருக்கவில்லை, வேக்குவத்தாலும் ஈரத்துணியாலும்தான் எடுத்தோம்.

மாஸ்க் விஷயத்தில் பலரும் ஏமாறுவது இங்கேதான். என்95 தூசிக்குத்தான். ரசாயன ஆவிக்கு அது வெறும் துணி. அதற்குக் கரித்தூள் அடைத்த குப்பி இருபக்கமும் பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும், முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் உட்காராது. படிப்பகத்தின் இரண்டு தாடிகள் அன்று போயின. அதில் ஒன்று நான்கு வருடத் தாடி. அதற்காக நடந்த விவாதம் ஆசிட் விவாதத்தைவிட நீளம்.

கரைப்பான் கலக்காத எபாக்சியாகத் தேடி வாங்கினோம். டொலுயீன், சைலீன் மாதிரியான கரைப்பான்களின் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். கீழே தேங்கும், கோடவுனைவிட்டுத் தானாக ஏறி வராது. செப்டிக் டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடு அடியில் நிற்பதும் அது காற்றைவிடக் கனம் என்பதால்தான். ஒரு சுவிட்சின் தீப்பொறி போதும், கரைப்பான் ஆவி பற்றிக்கொள்ள. கரைப்பான் இல்லாவிட்டாலும் காற்று ஓட வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். அதிகம் நாற்றம் வரவில்லை என்பதற்காக ஹார்டனரை நம்பக் கூடாது என்றார். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தரையோரமாக வைத்துக் குழாய் போட்டுக் காற்றுத் துளை வழியாக வெளியே விட்டோம். படிக்கட்டில் ஒரு ஃபேன் நல்ல காற்றை உள்ளே தள்ளியது.

படிக்கட்டின் மேலே ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டும், போன் பார்க்கக் கூடாது. கீழே யாராவது மயங்கி விழுந்தால் முகமூடி இல்லாமல் யாரும் ஓடி இறங்கக் கூடாது. இதைச் சுவரில் சாக்பீஸால் எழுதினோம். செப்டிக் டேங்கில் முதலில் இறங்கியவரைத் தூக்கப்போய் தம்பியும் மகனும் செத்த கதைகளை நாம் எத்தனை கேட்டிருக்கிறோம். அன்பு அந்த நேரத்தில் யோசிக்கவிடாது. அதனால்தான் முன்கூட்டியே எழுதி வைத்தோம்.

பூசும் வேலை சின்னது. நைட்ரைல் கையுறை, இரண்டு ஜோடி, ஒன்றன்மேல் ஒன்று, கிழிந்தால் உடனே மாற்று. டின்னில் போட்டிருக்கும் அளவை மாற்றாமல் கலக்க வேண்டும். பக்கெட்டிலேயே வைத்திருந்தால் சூடாகிப் புகையும். கலந்ததும் தரையில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். டின்னில் 40 நிமிடம் என்று போட்டிருப்பது 25 டிகிரிக்கு. நம் வெயிலில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். எங்களுடைய இரண்டாவது கலவை அப்படித்தான் வீணானது, கயிறு கயிறாக இழுத்தது. தூரத்து மூலையில் தொடங்கிப் படிக்கட்டில் முடித்தோம். முதலில் பிரைமர், மறுநாள் மேல்பூச்சு. வழுக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மணல் தூவினோம்.

அந்த இரண்டு பையன்களையும் பிரைமர் நாளன்றே கூப்பிட்டிருந்தோம். முகமூடியைப் போட்டுவிட்டு ஒருவன், "அண்ணே, இது எங்க கிடைக்கும், எவ்ளோ?" என்று கேட்டான். விலையைச் சொன்னோம். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது இரண்டையும் அவர்களிடமே கொடுத்துவிட்டோம். குப்பி மாற்றும் செலவை அவர்கள் எங்கே போய் வாங்குவார்கள் என்று தெரியவில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயின்டர்களும் பதிவு செய்யலாம் என்று சொல்லி, விண்ணப்பம் நிரப்ப ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னோம். ஒருவன் வந்தான்.

மிச்சமிருந்த ரெசினையும் ஹார்டனரையும் சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. அடைத்துக்கொண்டால் அதற்குள் இறங்கப் போவது யார் என்பது தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தகர டப்பாவில் கல்லாக இறுகவிட்டுக் குப்பையில் சேர்த்தோம்.

ஏழு நாள் பூட்டி வைத்தோம். எட்டாவது நாள் அண்ணன் வந்தார். மூன்றாவது படி வரை இறங்கி நின்று பார்த்தார். கயிறு கயிறாக இழுத்த இடம் மட்டும் மங்கலாக, திட்டாகத் தெரிந்தது. "அங்க அலமாரியப் போட்டுடுங்க, தெரியாது" என்றார்.

போட்டிருக்கிறோம். தினசரிகள் அதில்தான் இருக்கின்றன.