அங்குலம் எவ்வளவு?

சித்தூரில் வீட்டின் பின்கட்டில் சிறிய சிஎன்சி இயந்திரம் வைத்து மரவேலை பழகிவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இணையத்தில் கிடைத்த பெருமாள் உருவத்தை வேப்பம்பலகையில் செதுக்கி, மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற, திருப்பதிப் பக்கத்து மாதவமாலாவுக்கு எடுத்துச் சென்றார். பலகையைப் புரட்டிப் பார்த்த முதிய சிற்பி கேட்டது ஒன்றே: "இதுக்கு அங்குலம் எவ்வளவு வச்சீங்க சார்?"

அவரிடம் விடையில்லை.

சிற்ப நூல்களின் அங்குலம் அளவுகோலில் உள்ளதன்று. உருவத்தின் உயரத்திலிருந்தே பிறப்பது. திருமாலுக்குரிய உத்தம தசதாலத்தில், மகுடம் நீங்கலான உயரத்தை 124ஆகப் பகுத்தால் ஒரு பங்கு அங்குலம். அதில் எட்டில் ஒன்று யவை. 248 மில்லிமீட்டர் உருவத்தில் அங்குலம் 2 மில்லிமீட்டர். முகம், கழுத்து, மார்பு யாவும் அதைக் கொண்டே அளக்கப்படுபவை.

அதுவரை மென்பொருள் தேர்வு என்பது அவருக்கு விலையும் வசதியும் பற்றியது. புடைப்புருவத்திற்கு ஆஸ்பயர் எளிது. விலையோ அவருடைய இயந்திரத்தின் விலையை விஞ்சியது. ஃபியூஷனின் இலவச உரிமத்தில், 2020 முதல், ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் 10 மட்டுமே. இப்போது கேள்வியே வேறாயிற்று: எது விகிதத்தை நினைவில் வைத்திருக்கும்? படத்தை அப்படியே மரத்தில் இறக்கினால், எந்த அளவு எதிலிருந்து வந்தது என்பது கோப்பில் இராது. ஃப்ரீகேடில் அங்குலத்தை அட்டவணையில் ஒரு மதிப்பாக எழுதி, ஏனைய அளவுகளை அதனோடு பிணைக்கலாம். அது கட்டற்ற மென்பொருள், இணையமின்றியும் இயங்கும்.

எனினும் கன்னத்தின் மென்வளைவு அதில் எளிதில் அமையவில்லை. அதற்குப் பிளெண்டரை நாடினார். விகிதம் ஒன்றில், வடிவம் மற்றொன்றில். மென்பொருளால் தீராதவையும் இருந்தன. 3 மில்லிமீட்டர் உருண்டைமுனை வெட்டுளி, அதனினும் குறுகிய பள்ளத்தில் நுழையாது. யவையளவான இமைக்கோடு அதற்கு எட்டாது. மேலிருந்தே இறங்கும் மூன்றச்சு இயந்திரம், கைக்கும் இடுப்புக்கும் பின்னே குடையாது.

சில மாதங்கள் கழித்து, கண்களை உளிக்கென விட்டுவைத்த புதிய பலகையோடு மீண்டும் சென்றார். கேட்குமுன்னே, "அங்குலம் ரெண்டு மில்லிமீட்டர்" என்றார். சிற்பி கவராயத்தால் அளந்து பார்த்தார். கழுத்தில் அரை அங்குலம் மிகை என்றார்.

அன்றிரவு சித்தூரில், அட்டவணையில் ஓர் எண் மட்டும் மாறியது.