புத்தளம் வீதியில் ஊர்ப்பெயர்கள்

பேலியகொடையில் தொடங்கும் ஏ3 வீதி புத்தளத்தில் முடிகிறது. கடலும் களப்பும் இடப்பக்கம், தென்னந்தோட்டங்கள் வலப்பக்கம். பஸ் நடத்துநர் 'ஹலாவத, ஹலாவத' என்று கூவி ஆள் சேர்க்கிறார். கண்ணாடியில் மாட்டிய பலகையிலோ அதே ஊர் சிலாபம்.

நீர்கொழும்பைத் தாண்டினால் கொச்சிக்கடை. கொச்சியிலிருந்து வந்தவர்கள் கடை வைத்த இடமா, கொச்சிக்காய் விற்ற இடமா என்று வழக்குப் பேசலாம். தீர்ப்புக் கிடைக்காது. மா ஓயாவைக் கடந்ததும் புத்தளம் மாவட்டம் ஆரம்பம். அங்கே ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் பேர்போன வாய்க்கால் என்ற ஊர். பெயர் பச்சைத் தமிழ்; ஊரார் பேசுவது பெரும்பாலும் சிங்களம். இந்தக் கரையில் பேச்சு மாறிய ஊர்கள் பல. பெயர்தான் மாறவில்லை.

மாதம்பை கடந்து சிலாபம். தமிழில் சலாபம், சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு. மன்னார்ப் பக்கத்துச் சிலாவத்துறைக்கும் பெயர் வந்த வழி இதுதான். ஹலாவதவுக்கும் வேர் இதுவே என்பது என் எண்ணம். சகரம் ஹகரமாவது சிங்களத்தில் புதிதல்ல. முத்துக்குளிப்பு நின்று போய்விட்டது. ஊர் இன்னும் அந்தத் தொழிலின் பெயரில்தான் இருக்கிறது.

இங்கே இறங்கி வாரியப்பொல வீதியில் சிறிது தூரம் போனால் முன்னேஸ்வரம். முதலில் தோன்றிய ஈஸ்வரம் என்று பக்தர்கள் பொருள் சொல்வார்கள். 1578இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் திரும்பக் கட்டுவித்தான். கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டும் இங்கே உண்டு. பக்கத்துப் பத்திரகாளி கோயிலில் நேர்த்திக்கடன் வைப்பவர்களில் சிங்களவர் கணிசம். அயலில் இலிப்பதெனிய என்றொரு ஊர்: முன்பாதி நம் இலுப்பை, பின்பாதி சிங்களத்தில் தாழ்ந்த ஈரநிலத்தைக் குறிக்கும் தெனிய. 'இது எங்கள் பெயர்' என்று இரண்டு பக்கமும் அகராதியோடு வரிந்துகட்டுகிறவர்கள் இந்த ஒரு பெயரை எப்படிப் பங்கு போடுவார்களோ!

தெதுறு ஓயா தாண்டி ஆராச்சிக்கட்டு, பத்துளு ஓயா, முந்தல். இடையில் கடற்பக்கம் திரும்பினால் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பேர்போன உடப்பு. அங்கே பெயரும் தமிழ், பேச்சும் தமிழ். பாலாவியில் கற்பிட்டி வீதி பிரிகிறது. வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்புப் பாத்திகளைப் பார்த்தபின் புத்தளத்துக்கு விளக்கம் தேட வேண்டாம். புது அளம், அளம் என்றால் உப்பளம். 1344இல் வந்திறங்கிய இபின் பதூதா 'பத்தாலா' என்று எழுதியது இந்த ஊரைத்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

முத்து, கடை, வாய்க்கால், உப்பு. இந்த வீதியில் பெயர் வைத்தது அரசர்களைவிடத் தொழிலாளிகள்தான் என்று துணிந்து சொல்வேன்.

ஒரு பெயர் மட்டும் நிலைக்கவில்லை. புத்தளத்துக்கு உட்புறம், ஆனமடுவைப் பக்கத்து நிலப்பரப்பை ஆங்கிலேயர் ஆட்சியின் பதிவேடுகள் 'தெமள ஹத்பத்து' என்றன; தமிழ் ஏழு பற்று என்று பொருள். இன்று மாவட்டத்தில் 16 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் எதற்கும் அந்தப் பெயர் இல்லை.