உத்தரம் உட்கார்ந்தது!

இரும்புக் கட்டில் பூட்டியிருக்கிறீர்களா? சட்டத்தின் கொக்கியைக் காலிலுள்ள துளையில் இறக்கினால் தன் கனத்திலேயே உட்கார்ந்துவிடும். நானும் தம்பியும் எங்கள் வீட்டுக் கட்டிலைப் பத்து நிமிஷத்தில் பூட்டிவிடுவோம்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இந்த நூற்றாண்டில் தோன்றிய 'கான்எக்ஸ்டெக்' என்ற கம்பெனி ஆபீஸ் கட்டடங்களையே ஏறக்குறைய இப்படிப் பூட்ட வழி செய்தது. எஃகுத் தூணுக்கு ஒரு காலர். கிரேன் இறக்கும் உத்தரம் அதில் வந்து அமரும். பிறகு போல்ட்டை முடுக்கவேண்டியதுதான். பற்றவைப்பெல்லாம் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும்.

வேகம் மட்டும்தான் பெருமையென்றால், 1930-ல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் வாரத்துக்கு 4½ மாடி எழும்பியதே! ஆனால், எப்படி? பழுக்கக் காய்ந்த ரிவெட்டை ஒருவன் வீசுவான்; இன்னொருவன் தகரக் குவளையில் பிடிப்பான், அந்தரத்தில் நின்றபடி. வீட்டில் அவன் மனைவிக்கு அடுப்பு வேலை ஓடியிருக்குமா?

மிச்சமாகும் நாட்களை முதலாளி எண்ணட்டும். அந்தரத்தில் நிற்கும் நேரம் குறைகிறதே என்பதுதான் எனக்கு நிம்மதி. போல்ட் முடுக்குகிறவன் மட்டும் இன்னும் மேலே ஏறித்தான் ஆகவேண்டும்.