ஏற்றலும் மறுத்தலும்

பேராதனையிலிருந்து கொழும்பு வீதி வழியே செல்வோர் பிலிமத்தலாவையை அண்மித்ததும் வீதியோரக் கடைகளிலே பித்தளைப் பொருள்கள் மின்னுவதைக் காண்பர். குத்துவிளக்கு, தட்டம், மணி, யானை, மயில் என அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் அக்கடைகளைப் பார்த்தவாறே நான் நாள்தோறும் பஸ்ஸில் பல்கலைக்கழகத்துக்குச் சென்று வருகிறேன். இரசாயனவியல் படித்தவனுக்குப் பித்தளையும் ஒரு பாடந்தான். செம்பின் பளிங்குச் சாலகத்திலே, செம்பணுக்கள் இருக்கவேண்டிய இடங்கள் சிலவற்றில் நாக அணுக்கள் அமர்ந்துகொள்கின்றன. இரண்டும் பருமனில் ஏறக்குறைய ஒத்தவை. ஆதலால், மூன்றிலொரு பங்கு வரை நாகம் புகுந்தாலும் செம்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்வதில்லை.

அந்நியனை இத்துணை அமைதியாக ஏற்கும் உலோகத்தைக் காணும்போது எனக்குத் தம்பியின் நினைவு வரும். 2014 ஆம் ஆண்டு முதல் அவன் உடலினுள்ளே அம்மாவின் சிறுநீரகம் ஒன்று இருக்கிறது. அவனுடைய உடல் அதனை இன்றளவும் முழுதாக ஏற்றுக்கொண்டதில்லை.

நாங்கள் வவுனியாவைச் சேர்ந்தவர்கள். தம்பியின் இரு சிறுநீரகங்களும் செயலிழந்த பின்னர், கிளினிக்குக்கும் குருதிச் சுத்திகரிப்புக்கும் அருகில் இருக்கவேண்டுமென்று பிலிமத்தலாவையில் வாடகை வீடொன்றை எடுத்தோம். சில மாதத்துக்கென்று வந்த இடம் இன்று நிரந்தரமாகிவிட்டது.

உறுப்பு மாற்றுச் சிகிச்சை என்றதும் கத்தியும் தையலுமே பலருக்கும் நினைவுக்கு வருவன. உண்மையில் அந்தப் பகுதி எப்போதோ தீர்ந்துவிட்டது. 1954 ஆம் ஆண்டு டிசெம்பரில் பொஸ்ரன் நகரில் யோசப் மறே என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவருடைய சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார். பெற்றுக்கொண்டவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையராகையால் அவர் உடலுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. அத்தகைய இரட்டையர் அல்லாத ஏனையோருக்குத்தான் சிக்கல். எங்கள் நாட்டில் முதலாவது சிறுநீரக மாற்று 1985 இல் நிகழ்ந்தது. 2017 இல் கண்டி வைத்தியசாலையில் இதயமே மாற்றப்பட்டது. பொருத்துவதில் நமது வைத்தியர்கள் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். பொருத்தியபின் வரும் நாள்களும் ஆண்டுகளுமே கேள்வி.

தம்பிக்காக எங்கள் மூவருடைய குருதியும் பரிசோதிக்கப்பட்டது. இழையப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தந்தையிடமிருந்தும் வருவன. எனவே தாயுடன் பாதிப் பொருத்தம் உறுதி. உடன்பிறந்தோரிடையே முழுப் பொருத்தத்துக்கு நாலிலொரு வாய்ப்பு உண்டு. அவ்வாறே, சிறிதும் பொருந்தாமைக்கும் நாலிலொரு வாய்ப்பு உண்டு. எனக்கும் தம்பிக்கும் முழுப் பொருத்தம். குருதி வகையும் ஒன்றே. அறிக்கையைக் கையில் தந்த வைத்தியர், “அண்ணன் கொடுத்தால் மிக நல்லது” என்றார்.

அப்போது எனக்கு வயது இருபத்தேழு. வெளிநாட்டிலே கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. மூன்று மாதத்தில் புறப்படவேண்டும். நான் மறுக்கவில்லை. மறுத்தேன் என்று எவரும் இன்றுவரை சொன்னதுமில்லை. “யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். யோசித்துக்கொண்டே இரண்டு வாரங்கள் இருந்தேன். மூன்றாம் வாரம் அம்மா, “தம்பி, நீ போ. என்ர ரெண்டில ஒண்டு அவனுக்குப் போதும்” என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்பதை அம்மா அறிந்திருந்தார்.

புதிய சிறுநீரகத்தை முதுகுப்புறத்திலே பழையது இருந்த இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்து, காலுக்குச் செல்லும் குருதிக் குழாய்களுடன் இணைப்பர். பழையவை பெரும்பாலும் அகற்றப்படாமல் அப்படியே இருக்கும். தம்பியின் வயிற்றைத் தொட்டால் அம்மாவின் சிறுநீரகம் கையில் தட்டுப்படும். அதனை நான் ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே தொட்டுப் பார்த்தேன்.

வெளிநாட்டில் எனக்குத் தரப்பட்ட ஆய்வும், வியப்பாக, ஏற்றலைப் பற்றியதாகவே அமைந்தது. ஐதரசன் ஒரு கிலோகிராம் எரியும்போது 120 மெகாயூல் சத்தி தரும். பெற்றோல் தருவது ஏறக்குறைய 44 மெகாயூல். எரிந்தபின் எஞ்சுவது நீர் மட்டுமே. ஆயின் சாதாரண அமுக்கத்தில் அந்த ஒரு கிலோகிராம் வாயு பன்னிரண்டு கன மீற்றர் இடத்தை, அதாவது ஒரு சிறிய அறையளவு வெளியை, நிரப்பிவிடும். திரவமாக்க வேண்டுமாயின் பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். வாகனங்களிலோ வளிமண்டல அமுக்கத்தைப் போல் எழுநூறு மடங்கு அமுக்கத்தில் தாங்கிகளில் அடைக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மாற்றாக, ஐதரசனை ஓர் உலோகத்துள்ளே குடியிருத்தலாம் என்பது பழைய எண்ணம். 1866 இலேயே தோமஸ் கிரஹாம் என்பவர் பல்லேடியம் தன் கனவளவைப்போல் பல நூறு மடங்கு ஐதரசனை உறிஞ்சுவதைக் கண்டிருந்தார்.

பித்தளையிலே நாகம் செம்பின் இடத்தைப் பிடிக்கிறது. ஐதரசனோ சிறியது, உலோக அணுக்களின் இடைவெளிகளிலே புகுந்துகொள்கிறது. நான் எடுத்துக்கொண்ட மகனீசியம் அதனை வேறுவிதமாக, முற்றும் புதியதொரு சேர்வையாகி ஏற்கிறது. அவ்வாறு உண்டாகும் மகனீசியம் ஐதரைட்டில் நிறைப்படி 7.6 வீதம் ஐதரசன் இருக்கும். ஒரே அளவு கொள்கலத்தில், திரவ ஐதரசனிலும் பார்க்க இதில் அடங்கும் ஐதரசன் அதிகம். மகனீசியம் மலிவானது, இலேசானது. குறை ஒன்றுதான்: பெற்றதை விடமாட்டாது. ஐதரசனை மீளப்பெறுவதற்கு ஏறக்குறைய 300 பாகைக்குச் சூடாக்கவேண்டும். இலந்தனமும் நிக்கலும் சேர்ந்த கலப்புலோகமோ அறை வெப்பநிலையிலேயே வாங்கும், விடும். ஆனால் அதன் கொள்ளளவு 1.4 வீதமே. பிடிப்பவன் விடுவதில்லை, விடுபவனிடம் பிடிப்பு இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவிலே ஒரு பொருளைத் தேடித்தான் உலகெங்கும் ஆய்வுகூடங்கள் இயங்குகின்றன. நான் செய்ததும் செய்துவருவதும் மகனீசியத்துடன் சிறிதளவு நிக்கலைச் சேர்த்து, உருக்குக் குண்டுகள் உருளும் ஆலையிலிட்டு மணிக்கணக்காக அரைப்பதே. துணிக்கை சிறுத்தால் ஐதரசன் புகவும் வெளியேறவும் வழி குறுகும். இதனைக் கேட்ட அம்மா, “இடிச்சு மாவாக்கவோ இவ்வளவு படிச்சனீ?” என்றார்.

எண்ணிப் பார்க்கவேண்டியது வேறொன்றுண்டு. விருந்தினன் வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் வீடு சிதைகிறது. இலந்தனம்–நிக்கல் கலப்புலோகம் ஐதரசனை ஏற்கையில் கனவளவில் நாலிலொரு பங்களவு பருக்கும், விடுகையில் சுருங்கும். சில சுற்றுக்களிலே திண்மக் கட்டி பொடியாகிவிடும். ஆகவே நமது குறிப்பேடுகளில் முதற்சுற்றின் கொள்ளளவுக்குப் பெருமதிப்பு இல்லை. நூறாவது சுற்றில் எவ்வளவு எஞ்சுகிறது என்றே கேட்பார்கள்.

தம்பியின் கிளினிக் கொப்பியும் அத்தகையதே. மூன்றாம் மாதத்தில் முதல் நிராகரிப்பு. குருதியில் கிரியற்றினின் அளவு ஏறியது. ஊசியால் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஸ்ரிறொயிட்டு மருந்தை நாளத்தினூடாகச் செலுத்தி அடக்கினார்கள். நான் அப்போது வெளிநாட்டில் தொலைபேசியருகே இருந்தேன். பின்னர் ஒரு வைரசுத் தொற்று. நிராகரிப்பைத் தடுக்க நிர்ப்பீடனத்தை அடக்கினால் தொற்றுக்குக் கதவு திறக்கிறது. தொற்றை வெல்ல மருந்தைக் குறைத்தால் நிராகரிப்பு எட்டிப் பார்க்கிறது. அவன் உட்கொள்ளும் தக்குறோலிமஸ் என்னும் மருந்து 1984 இல் யப்பானின் சுக்குபா மலையடிவார மண்ணில் வாழ்ந்த பற்றீரியம் ஒன்றிலிருந்து கிடைத்தது. சிறுநீரகத்தைக் காக்கும் அம்மருந்தே நாளடைவில் சிறுநீரகத்துக்கு ஊறு செய்யும், நீரிழிவையும் உண்டாக்கும். தம்பிக்கு இரண்டாம் ஆண்டில் நீரிழிவு வந்தது.

அம்மருந்து குருதியில் மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. எங்கள் வீட்டுக்காரர், நல்ல மனிதர், வளவிலே காய்த்த பம்பளிமாசுப் பழங்களை அன்போடு கொண்டுவந்து தருவார். அப்பழம் குடலிலே மருந்தைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுத்து, குருதியில் மருந்தின் அளவை ஏற்றிவிடக்கூடியது. இதை அறிந்த நாள்முதல் பழங்களை நன்றி சொல்லி வாங்கி, அயலவருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

2019 இல் நாடு திரும்பினேன். 2022 ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டை இந்நாட்டில் வாழ்ந்த எவருக்கும் விவரிக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரின் மோட்டார்ச் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தம்பியைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதற்காக இரவு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றேன். சத்தியைச் சேமிக்கும் பொருள்கள் பற்றிக் கலாநிதிப் பட்டம் பெற்றவன் இரண்டு லீற்றர் பெற்றோலுக்காக வீதியோரத்தில் உறங்கினான். நகைப்புக்குரியதுதான். மன்னாரிலே 2020 இறுதி முதல் நூறு மெகாவாற்றுக்கு மேற்பட்ட காற்றாலைகள் இருக்கின்றன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைந்ததால், கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. காற்றும் வெயிலும் நமக்குக் குறைவில்லை. மிஞ்சிய வேளையில் வாங்கி, வேண்டிய வேளையில் விடும் ஒரு பாத்திரம் போதுமான அளவில் நம்மிடம் இல்லை. மின்கலங்கள் சில மணி நேரத்துக்கு உதவும். பருவக்காற்று ஓய்ந்த மாதங்களுக்கு வேறொன்று வேண்டும். என் ஆய்வு அதற்கு நாளையே விடை தரும் என்று மாணவர்களிடம் நான் சொல்வதில்லை.

அந்த ஆண்டிலே பெற்றோலைவிடப் பெரிய குறை வீட்டினுள்ளே நிகழ்ந்துகொண்டிருந்தது; நான் அறியவில்லை. வழக்கமாக மருந்து கிடைக்கும் இடத்தில் அது இல்லை. வெளியில் விலை கைக்கெட்டவில்லை. தம்பி எங்களிடம் சொல்லாமல் இருந்த மாத்திரைகளை எண்ணி, ஒன்றுவிட்டொரு நாள் இரவு வேளையைத் தவிர்த்திருக்கிறான். “நீங்கள் எல்லாரும் எனக்காகச் செலவழிச்சது காணும் அண்ணா” என்று பின்னர் சொன்னான். அவ்விடைவெளியில் அவன் உடல் விழித்துக்கொண்டது. அம்மாவின் சிறுநீரகத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் குருதியில் தோன்றின. அவை ஒருமுறை தோன்றினால் எளிதில் மறைவன அல்ல. அன்று தொட்டு கிரியற்றினின் மெல்ல மெல்ல ஏறிவருகிறது.

உலோகத்தையும் உடலையும் ஒப்பிட்டு இவ்வளவு எழுதிவிட்டேன். ஆயின் ஒப்புமை ஓரிடத்தில் முறிந்துவிடுகிறது. மகனீசியத்தினிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. அமுக்கமும் வெப்பநிலையும் தக்கவாறு அமைந்தால் அது ஏற்கும், இன்றேல் விடும். என்னிடம் கேட்டார்கள்.

சென்ற ஆண்டு வைத்தியர் இரண்டாவது மாற்றுச் சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்கினார். அம்மாவின் இழையத்துக்கு எதிராக உண்டான பிறபொருளெதிரிகள் என்னுடைய சிறுநீரகத்தை அடையாளங் காணமாட்டா. ஏனெனில் இழையப் பொருத்தத்தில் நானும் தம்பியும் ஒன்றே. அவர் பேசி முடிப்பதற்கு முன்னரே நான் கையை நீட்டிக் குருதி எடுக்கச் சொன்னேன். இம்முறை யோசிப்பதற்கு ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. இழையப் பொருத்தம் முன்போலவே முழுமை. குருதிச் சீனி மட்டும் வரம்பைக் கடந்திருந்தது. ஐயத்துக்காக மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள்; மாற்றமில்லை. நீரிழிவு உள்ளவரின் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, எஞ்சிய ஒன்றின் எதிர்காலத்துக்குத் தம்மால் பொறுப்பேற்க முடியாது என்று வைத்தியர் மிகுந்த பண்போடு சொன்னார். முப்பத்தெட்டு வயதில் வந்த நோய் இருபத்தேழில் இருக்கவில்லை. அதனை அவர் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் தம்பி என் தோளில் கைவைத்து, “இனி உங்களுக்கும் பம்பளிமாசு அளவோடதான் அண்ணா” என்றான். பஸ்ஸில் இருவரும் பேசாது வந்தோம். அவன் பெயர் இப்போது இறந்தோரிடமிருந்து உறுப்புப் பெறக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. அவனுக்கு மருந்தினால் வந்த நீரிழிவு, எனக்குத் தானாக வந்தது. காலையில் ஏழரை மணிக்கு அம்மா எங்கள் இருவரையும் மேசையருகே உட்காரவைத்து, ஒரே கருவியில் ஊசியை மட்டும் மாற்றி, விரலில் குத்திச் சீனி பார்க்கிறார். எட்டு மணிக்குத் தம்பி மாத்திரையை விழுங்கியபின் நான் பஸ்ஸுக்குப் புறப்படுகிறேன்.