சக்கரம் மாற்றும் நேரம்

விமான டயரில் இன்றும் இயற்கை ரப்பர்தான் அதிகம். ஓடுபாதையைத் தொடும்போது எழும் சூட்டைத் தாங்க அதுவே ஏற்றது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத் தோட்டமொன்றில் மரம் சீவிய குடும்பத்தில் பிறந்த எனக்கு, இதைக் கேட்டபோது பெருமையாக இருந்தது.

சொன்னவன் என் அக்காள் மகன். சுபாங்கில் விமானப் பராமரிப்பு வேலை செய்கிறான். போயிங் 737-800 விமானம் 79 டன் வரை எடையோடு கிளம்பும். அதைத் தாங்குவது 6 டயர்கள். கார் டயரைப்போல ஏறக்குறைய 6 மடங்கு அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் டயரில் வெட்டு, தேய்மானம், சக்கரக் காலில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று குனிந்து பார்க்க வேண்டும். சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது குறித்த தடவை ஏறி இறங்கியதும், சக்கரக் கால்களை முழுதாகக் கழற்றி, துருவும் மயிரிழை விரிசலும் தேட வேண்டும். சில பாகங்கள் புதிதுபோல் மின்னினாலும் கணக்கு முடிந்தால் கழித்துவிட வேண்டும். கட்டாயப் பராமரிப்பு ஆணை வந்துவிட்டால், கெடு தாண்டிப் பறக்க அனுமதி இல்லை.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? 2014 ஏப்ரல் 20 இரவை நினைத்துப் பாருங்கள். எம்எச்370 காணாமல் போய் ஆறு வாரம். பெங்களூருக்குக் கிளம்பிய எம்எச்192 விமானத்தின் டயர் வெடித்து, வலப்பக்கச் சக்கரத்தில் கோளாறு. 166 பேரோடு சுமார் 4 மணி நேரம் வானில் இருந்துவிட்டு, நள்ளிரவுக்குப் பின் கே.எல்.ஐ.ஏ.வில் பத்திரமாக இறங்கியது. நாடே பெருமூச்சு விட்டது.

எங்கள் குடும்பத்துக்கும் ஒரு டயர் கதை உண்டு. 1969-க்குப் பிறகு குடியுரிமை கிடைக்காமல் ஊர் திரும்பியவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். அவர் இறந்த செய்தி வந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பினேன். விமான டயரில் வெட்டு இருப்பதாகச் சொல்லி, மாற்றிவிட்டுக் கிளம்ப மூன்று மணி நேரம் ஆனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். அம்மா தன் அக்காள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு டயருக்காகவா?" என்று மாமா கொதித்தார். எனக்கும் நெஞ்சு அடைத்தது. அம்மாதான் மெல்லச் சொன்னார்: "வெட்டைப் பாத்தும் பாக்காத மாதிரி விட்டிருந்தா, நாங்க ரெண்டு பேரும் வந்திருப்போமாடா? தோட்டத்துல மரத்துப் பட்டையில காயம் பட்டாலே கங்காணி விட மாட்டாரு. இது உசுரு."

அன்று டயரை மாற்றியவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர் தடுத்த விபத்து எந்தச் செய்தியிலும் வராது.

இனி "தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம்" என்று அறிவித்தால், முகப்பில் நிற்கும் பிள்ளையிடம் கோபப்படாதீர்கள். விமானத்தின் கீழே டார்ச் லைட்டோடு ஒருவர் குனிந்திருப்பார். அவர் கையெழுத்துப் போடும்வரை காத்திருக்கலாம்.